தொடாத பெட்ரோல்

ஞாயிற்றுக்கிழமை தோறும் சொன்ன பேச்சு கேட்டு ஓடிய எஞ்சின் செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது. அதுவும் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை இல்லை. இரண்டு வருஷத்துக்கும் மேலாக வேலையே இல்லாமல் கிடந்த மீட்புப் படகுக்கு வேலை வந்த செவ்வாய்க்கிழமை. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு மனுஷன் கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றப் போன எஞ்சின் பாதி வழியில் இருமி, முனகி, அணைந்துபோனது.

அந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அந்தப் படகை ஓட்டுகிறவர் என் அக்கா புருஷன். ஆக, குற்றவாளி எங்கள் குடும்பத்துக்குள்தான். யார் என்பது மட்டும்தான் கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். படகுத்துறையில் எனக்குப் பெயர் ஸ்பேனர். கையில் எப்போதும் ஸ்பேனர் இருப்பதால் என்று நான் சொல்லிக்கொள்வேன். வாயைத் திறந்தால் யாரையாவது கழற்றாமல் மூட மாட்டேன் என்பதால் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கோபம் எனக்கு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும், மறுக்கவில்லை. பதினேழு வருஷமாகச் சின்னப் படகுகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறேன். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் தண்ணீர் என்று ஒரு கொட்டகை. சுவரோரம் மரச் சட்டத்தில் எஞ்சின்கள் வரிசையாகத் தொங்கும். நடுவில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய். அதற்குள் எஞ்சினின் காலை இறக்கி ஓட்டிப் பார்ப்பேன்.

மீட்புப் படகுக்கு மட்டும் எங்கள் துறையில் ஒரு சட்டம் உண்டு. அதன் டேங்கில் இருக்கும் பெட்ரோலை யாரும் தொடக்கூடாது. முன்பு ஒரு காலத்தில் ஆளாளுக்கு, "ஒரு லிட்டர்தானே, சாயங்காலம் ஊத்திடறேன்" என்று எடுத்து எடுத்து, அவசரத்துக்குப் போனபோது டேங்க் காலியாகக் கிடந்தது. அன்றைக்கு ஒரு அப்பாவும் மகனும் கரைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு படகுச் சங்கத்தைக் கூட்டினோம். படகுக்கு ஒரு லிட்டர் என்று இருபத்தைந்து படகுக்காரர்கள் ஊற்றி டேங்கை நிரப்பினார்கள். தலைவர் தன் கையாலேயே மூடியில் கம்பி கோத்து ஈய சீல் வைத்தார். ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் அது செலவாக வேண்டும். அந்த டேங்கின் பக்கத்தில் நின்றால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், அவ்வளவு மரியாதை.

சீல் வைத்த ஒரே மாதத்தில் முதல் அழைப்பு வந்தது. அத்தான் போனார், இரண்டு பேரை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தார். பாதி டேங்க் செலவாகியிருந்தது. "இன்னும் பாதி இருக்கே, இன்னொரு தடவைக்குத் தாராளமா போதும். சீலை எதுக்கு உடைக்கணும்?" என்றார் தலைவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பாதிதான் இரண்டு வருஷமும் நாலு மாதமும் அங்கேயே இருந்தது.

ஞாயிறு காலையில் அந்த எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. அந்த டேங்கிலிருந்து ஒரு சொட்டுகூடக் குறையக்கூடாதே என்று நான் என் கேனைத் தூக்கிக்கொண்டு போவேன். டேங்கிலிருந்து ஹோஸைக் கழற்றி என் கேனில் மாட்டுவேன். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு ஹோஸைத் திரும்ப டேங்கில் மாட்டுவேன். என் சொந்தப் பெட்ரோல் ஆயிற்றே என்று இதில் எனக்குப் பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை தண்ணீரில் விழுந்தவர் வலை தைக்கிறவர். செய்தி வந்ததும் அத்தானும் ஐஸ் ஃபேக்டரிக்காரரும் படகில் குதித்தார்கள். கயிற்றை ஒரே இழுப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. துறைக்குள் மெதுவாகப் போய், அப்புறம் வேகம் எடுத்தார்கள். சுவரின் முனையில் வெள்ளையடித்த தூண் ஒன்று நிற்கிறது. அதுவரை தண்ணீர் சாது. அதைத் தாண்டினால்தான் நிஜமான அலை. படகு தூணுக்கு நேராக வந்தது, எஞ்சின் நின்றது.

சுவரின் மேல் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எதிரே அலை எழுந்தது, எஞ்சின் அணைந்தது. அத்தான் எத்தனை தடவை கயிற்றை இழுத்தார் என்பதை அங்கிருந்து யார் பார்த்தார்கள்? நாற்பது நிமிஷம் கழித்து அந்த வழியாக வந்த மணல் படகு ஒன்று வலை தைக்கிறவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. உயிர் இருந்தது. ஆனால் பாறையில் மோதி வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வலை தைக்கிறவருக்குக் கைதானே எல்லாம்.

மத்தியானம் மீட்புப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். யாரோ ஒருவர் என் காதில் விழட்டும் என்றே, "எஞ்சினைப் பார்க்கிற லட்சணம் இதுதான்" என்றார். அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படகில் இறங்கினேன். பழக்க தோஷத்தில் கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து, உள்ளே இருந்ததையும் ஹோஸில் இருந்ததையும் அப்படியே தண்ணீரில் வடித்துவிட்டேன். என்ன வடிகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கேனை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். நாலு இழுப்பு முரண்டு பிடித்தது. ஐந்தாவதில் பிடித்து, கடிகாரம் மாதிரி ஓடியது.

"பாருங்க! கண்ணை நல்லா தொறந்து பாருங்க! என் எஞ்சின்ல என்ன குறை கண்டீங்க?" என்று கத்தினேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. எஞ்சின் மேல் குறை இல்லை என்றால் குறை ஓட்டியவர் மேல்தானே.

அத்தான் டேங்க் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியின் உச்சியில் ஒரு சின்னக் காற்றுத் திருகு உண்டு. ஓட்டும்போது அதைத் திறந்துவிட வேண்டும். மறந்தால், டேங்குக்குள் காற்று புகாமல், கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வருவது நின்று எஞ்சின் அணைந்துவிடும். இப்போது அது திறந்துதான் இருந்தது.

"இதைக் கிளம்பறப்பவே தொறந்தேனா, நின்னதுக்கு அப்புறம் தொறந்தேனா, ஞாபகம் இல்ல" என்றார்.

இப்படி ஒரு மனுஷன்! திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் போய்ச் சாட்சி கேட்கப் போகிறார்கள்? பொய் சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு அக்காதான் என்ன செய்வாள். பாதிப் பேர் அவர் மறந்துவிட்டார் என்றார்கள். மீதிப் பேர், "மறதியாவது ஒண்ணாவது, அலையைப் பார்த்ததும் கை தானா அணைச்சிருக்கு" என்றார்கள். எப்படி இருந்தாலும் சனிக்கிழமை சங்கம் கூடி அவரிடமிருந்து மீட்புப் படகின் கொட்டகைச் சாவியை வாங்கிக்கொள்ளும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அத்தான் பதினைந்து வயதிலிருந்து படகில் இருக்கிறவர். சாவி போனால் அவர் துறையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சரி, எஞ்சின் மேல்தான் தப்பு என்றால்? அப்போது நான் நடக்க முடியாது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தையல்காரி. அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தால், மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தபடி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறாள்!

"ஊரெல்லாம் அவரைப் பயந்தாங்கொள்ளின்னு பேசுது. உனக்குப் பாட்டு ஒரு கேடா?" என்றேன்.

"பேசட்டும்டி."

"கட்டின புருஷனுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டியா?"

"அவர் பயந்தா பயந்துட்டுப் போறார். உனக்கு எங்க வலிக்குது?" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஐஸ் ஃபேக்டரியில் ஒரு மோட்டார் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. ஃபேக்டரிக்காரர் செவ்வாய்க்கிழமைக் கதையை நூறாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் காது கொடுக்காமல் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் கயித்தை இழுக்க, நான் ஹோஸ்ல இருக்குமே ரப்பர் உருண்டை, அதை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறேன். அமுங்கினாத்தானே? கல்லு மாதிரி நிக்குது."

என் கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

"கல்லு மாதிரின்னேன்."

"சப்பிப் போயிருந்துச்சா, இல்ல கல்லு மாதிரி இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏம்மா, நாள் முழுக்க ஐஸ் கட்டியைத் தொடறவன் நான். எனக்குக் கல்லு தெரியாதா?"

அந்த ரப்பர் உருண்டை டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது. அமுக்கினால் பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்குத் தள்ளும். காற்றுத் திருகு மூடியிருந்தால் அது சப்பி ஒட்டிப்போகும். கல் மாதிரி இருந்தது என்றால் பெட்ரோல் எஞ்சின் வரைக்கும் ஒழுங்காக வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம். அத்தான் திருகைத் திறந்திருக்கிறார். பெட்ரோல் வாசல் வரை வந்திருக்கிறது, எஞ்சின்தான் அதை உள்ளே விட மறுத்திருக்கிறது. ஏன்? இதற்கு விடை தெரியாமல் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. பெல்ட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து, "ஏம்மா, என் ஐஸு!" என்று அவர் கத்தியது கேட்டது.

அத்தானிடம் சாவி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். படகுக் கொட்டகையில் வெயில் நன்றாக விழும் மூலையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வைத்தேன். செவ்வாய்க்கிழமை என் கேனில் ஓட்டிய பிறகு ஹோஸைத் திரும்ப டேங்கில்தான் மாட்டியிருந்தேன். அதன் எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, உருண்டையை அமுக்கினேன்.

முதலில் தெளிவான பெட்ரோல் வந்தது. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற நல்ல வாசனை. ஒன்றுமில்லையே என்று சலித்துக்கொண்டேன். ஒன்றரை டீ கிளாஸ் அளவு வந்திருக்கும், தாரையின் நிறம் மாறியது. கலங்கலாக ஏதோ வந்தது, அப்புறம் பழுப்பாக வந்தது. பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் வருமே ஒரு புளித்த நெடி, அது கொட்டகை முழுக்கப் பரவியது. ஜாடியை அசையாமல் வைத்துவிட்டு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே பழுப்பு. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மங்கலான தண்ணீர்.

முதலில் வந்த தெளிவான பெட்ரோல் யாருடையது? என்னுடையது! ஒவ்வொரு ஞாயிறும் என் கேனிலிருந்து ஓட்டிவிட்டு, ஹோஸ் நிறைய என் பெட்ரோலை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதனால் எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடிக்கிறது. துறையை விட்டுச் சமர்த்தாகக் கிளம்புகிறது. ஹோஸில் உள்ளது தீர்ந்து டேங்கிலிருப்பது வந்து சேரும்போது மூச்சு நின்றுபோகிறது. செவ்வாய்க்கிழமை நான் திரும்பிப் பார்க்காமல் வடித்துக் கொட்டியதும் இந்தக் கெட்டதைத்தான். நூற்று இருபது ஞாயிற்றுக்கிழமை நான் சோதித்தது என் கேனை. அந்த டேங்கை ஒரு நாள்கூடச் சோதிக்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வருகிறவன் போகிறவனையெல்லாம் இதற்காகவே திட்டுகிறவள் நான். சீசன் முடிந்து ஆறு மாதம் படகைப் போட்டுவிட்டு, பழைய பெட்ரோலோடு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் என்றால் ஒரே சரக்கு இல்லை, அது ஒரு கூட்டுக் குடும்பம் என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பேன். அதில் சுறுசுறுப்பானவர்கள் சந்து கிடைத்தால் முதலில் ஆவியாகிப் போய்விடுவார்கள். எஞ்சினை எழுப்பிவிடுவதே அவர்கள்தான். வீட்டில் மிஞ்சுவது சோம்பேறிகள். அவர்கள் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போய்ப் பிசினாக மாறி, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும், தலைமுடி நுழைகிற அளவுக்கே இருக்கும் ஜெட் துளையை அடைத்துக்கொள்வார்கள். போதாததற்கு இப்போது வரும் பெட்ரோலில் ஆல்கஹாலும் கலந்து வருகிறது. அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். பாதி டேங்க் காலியாக இருந்தால் வெயிலில் மூச்சு விட்டு, குளிரில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். ஆல்கஹால் அந்த ஈரத்தை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒருநாள் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு ஓடிப்போய் டேங்கின் அடியில் குடித்தனம் வைத்துவிடும். ஹோஸ் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

இத்தனையும் தெரிந்தவளுக்கு, மீட்புப் படகின் டேங்கிலும் பெட்ரோல்தான் இருக்கிறது என்று உறைக்கவில்லை. அதைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, அது கெடக்கூடிய பொருள் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜாடியைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். டேங்கைக் கழுவிப் புதுசு ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? அத்தான் பயந்தவராகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, அக்காவே கவலைப்படவில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் என்பது பொய். கால் மணி நேரம் நினைத்தேன். அதற்கப்புறம் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்து, ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அத்தானிடம் போனேன்.

அவர் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, மோந்து, மறுபடி சாய்த்துப் பார்த்தார். ஒரு காகிதத்தில் என் கேன் பெட்ரோல் ஒரு சொட்டு, ஜாடியின் பழுப்பு ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். என்னுடையது கண்ணெதிரே காய்ந்து, இருந்த இடமே தெரியவில்லை. மற்றது போகவே இல்லை, மஞ்சள் வட்டமாகப் பிசுபிசுவென்று உட்கார்ந்துவிட்டது. அத்தான் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ, நான் திருகைத் தொறந்தேனா?"

"தொறந்தீங்க அத்தான். மூடியிருந்தா அந்த உருண்டை சப்பிப் போயிருக்கும்."

"நிச்சயமாவா?"

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளா என் கையையே நான் நம்பலை, கொழுந்தியா. சோறு பிசையறப்பக்கூட இந்தக் கை என்ன பண்ணும்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தால், வெளியே வந்தது, "போதும் போதும், மூக்கைத் துடைங்க" என்பதுதான்.

ஜாடியைக் காட்டினால் மட்டும் ஊர் நம்பிவிடாது. "அக்கா புருஷனைக் காப்பாத்த நீயே தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்க ஆள் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சலவைச் சட்டை கசங்காமல் நடக்கிற மனுஷர். படகுச் சங்கத் தலைவராகி ஏழு வருஷமாகப் படகில் கால் வைக்காதவர்.

"டேங்கைத் தொடக்கூடாதும்மா. சட்டம்" என்றார்.

"சீல்ல கை வைக்க மாட்டேன் தலைவரே. செவ்வாய்க்கிழமை போன மாதிரியே தூண் வரைக்கும் போறோம். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"நான் திருட்டுத்தனம் பண்ணா பிடிக்கறதுக்கு."

காலைத் தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது. ஹோஸில் தங்கியிருந்த கெட்டதை வடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செய்வதை அப்படியே செய்தேன். என் கேனில் பத்து நிமிஷம் ஓட்டி, ஹோஸைத் திரும்ப டேங்கில் மாட்டினேன். காற்றுத் திருகைத் தலைவரையே திறக்கச் சொன்னேன். அத்தான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். தலைவர் நடுப்பலகையில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே இழுப்பு, பிடித்துக்கொண்டது. துறைக்குள் மெதுவாகப் போனோம். அப்புறம் அத்தான் கைப்பிடியைத் திருகி வேகம் எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எஞ்சின் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. எஞ்சின் இளித்துக்கொண்டு ஓடியது. நிற்காமல் போய்விடுமோ, ஜாடியில் நான் கண்டதெல்லாம் வேறு ஏதோவோ என்று பயம் வந்தது.

தூணுக்கு ஒரு படகு நீளம் இருந்தது. எஞ்சின் ஒரு தரம் இருமியது. இரண்டாம் தரம் முனகியது. நின்றது.

அந்த அமைதியில் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அலையே இல்லியேம்மா" என்றார்.

"அதைத்தானே நானும் சொல்றேன். இங்க பயப்பட என்ன இருக்கு? இந்தப் படகுல பயந்தவர் ஒரே ஒருத்தர்தான், அவர் ஓட்டற இடத்துல உக்காந்திருக்கல."

தலைவர் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து, இந்தத் தடவை ஒரு கிளாஸில் பிடித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகத்தைச் சுளித்தார். அப்புறம் என் கேனை மாட்டி ஹோஸில் கெட்டதெல்லாம் போகும்வரை அமுக்கி வடித்தேன். அத்தான் கயிற்றை இழுத்தார், எஞ்சின் எழுந்தது. அவர் திரும்பிக் கரையைப் பார்க்கவில்லை. நேராகத் தூணைத் தாண்டினார். படகின் மூக்கு தூக்கிப் போட்டது. "திருப்புப்பா! நம்பறேன், திருப்பு!" என்று தலைவர் அலறினார்.

சனிக்கிழமை கூட்டத்தில் நான் மென்று முழுங்கவில்லை. ஜாடியை மேஜை மேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். "அப்போ தப்பு உன் மேலதானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் மேலதான். எழுதிக்கோங்க. வேற ஆள் வேணும்னா பாத்துக்கோங்க" என்றேன்.

வலை தைக்கிறவர் மாவுக்கட்டுக் கையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். "அந்த டேங்க்ல ஒரு லிட்டர் நான் ஊத்தினது. நானும் ஒருநாள்கூட மோந்து பாக்கலை" என்றார். இனி மாதா மாதம் ஒன்றாம் தேதி பழையதை எடுத்து மற்ற படகுகள் செலவழித்துவிட வேண்டும், புதுசு ஊற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அந்த டேங்கிலிருந்தே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாவி அத்தான் கழுத்திலேயே இருந்தது. கூட்டம் கலைந்ததும் வலை தைக்கிறவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கை சேரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து போனார். நியாயம்தானே.

எனக்கு அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மூச்சிரைக்க ஓடினேன். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அத்தான் எஞ்சினை அணைக்கவே இல்ல! ஊரே ஒத்துக்கிச்சு!"

கத்தரி நின்றது. "அணைக்கலியா?"

"அணைக்கல. நின்னுபோன எஞ்சினை வச்சுக்கிட்டு அந்த அலைக்குள்ள பதினாறு தடவை கயித்தை இழுத்திருக்கார். ஐஸ்காரர் எண்ணியிருக்கார்."

அவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"நாலு நாளா நிம்மதியா தூங்கினேன்டி" என்றாள். "தூணுகிட்ட போனதும் என்னை நெனச்சிருக்கார், புள்ளைங்களை நெனச்சிருக்கார், கை தானா அணைச்சிருக்குன்னு நெனச்சேன். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், இனிமே போக மாட்டார்னு இருந்தேன். இப்ப நீ வந்து, பெட்ரோல்தான் நின்னுச்சு, அவர் போயிட்டேதான் இருந்தார்ங்கறே."

வாய்க்குப் பேர் போனவள் நான், நிலைப்படியில் மரம் மாதிரி நின்றேன்.

"இனிமே நிக்காது, இல்ல?"

"நிக்காதுக்கா."

"தூணைத் தாண்டிப் போகும்."

"போகும்."

அவள் வெட்டிய துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போனபோது தள்ளிவிட்டாள். இரண்டாவது தடவை தள்ளவில்லை.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை, பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அக்கா இறங்கி வந்தாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவள் துறைக்கு வந்ததில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டேங்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்கு எவ்வளவு வேணும்?"

"போறதுக்கு எவ்வளவோ, அவ்வளவேதான்க்கா."

"அதுக்கு மேல ஊத்து."

சூட்டில் விரிய இடம் விடாமல் டேங்கை நிரப்பக்கூடாது என்று ஊரோடு சண்டை பிடிக்கிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்காமல், அவள் போதும் என்று சொல்லும்வரை ஊற்றினேன்.